யானைச் செருப்பும் கூலி கேளாப் புறாக்களும்

நலம் பொலிக! முத்தாற்று நாடு முப்போகம் விளைக! ஒரு யானைகூட இல்லாமல், யானைச் செருப்பு விற்கும் நாற்பது வணிகரை ஒரே காலையில் தன் வாசலில் வரிசையாக நிறுத்தியவனும், தங்கள் தந்தையாருக்கு முதலமைச்சனாயிருந்து இப்போது வெற்றிலை மெல்வதையே முழுநேரப் பணியாகக் கொண்டவனுமான காவிதி அழிசி, அரசர் நெடுவேள் திருவடிக்கு எழுதும் ஓலை.

நீலச்சிறகு வணிகக் குழுவினர் கூலி வாங்காமல் புறாவழியே குடிகளின் ஓலைகளைச் சுமப்பதும், மகிழ்ந்த மக்கள் பல் வலித்ததைக்கூட எழுதித் தள்ளுவதும் தாங்கள் அறிந்ததே. நாட்டின் ஓலை அனைத்தையும் அவர்களே சுமக்கும் தனியுரிமைப் பட்டயத்துக்கு வரும் பௌர்ணமியன்று தாங்கள் இலச்சினை இடவிருக்கிறீர்களாம். இத்தனை புறாவுக்குத் தீனி போடுவது யார் என்று கேட்டேன். அரசோலை எழுதும் தலைவர் பிட்டனார், அது குழுவினரின் ஈகை என்றும், கிழவனுக்குப் பொழுது போகவில்லை என்றும் விளம்பினார்.

பொழுது போகத்தான் இல்லை. ஆகவே கடல்துறையிலுள்ள என் தங்கைக்கு, என் யானைக்குக் கால் சுடுகிறது, செருப்பு கிடைத்தால் தேவலை என்று எழுதி, அரக்கு முத்திரையிட்டு மூடி, புறாவின் காலில் கட்டுவித்தேன். வேறு எவரிடமும், என் வெற்றிலைப் பெட்டியிடமும்கூட, வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலை என் தெரு அடைபட்டு, அவ்வழி வந்த பிட்டனாரின் பல்லக்கும் நின்றது. தோல் செருப்பு, மணி வைத்த செருப்பு, மழைக்கால மரச்செருப்பு! "ஐயா, ஆனைய வெளிய விடுங்க, அளவு பாத்துக்கலாம்" என்றார் ஒருவர். "அவர்கிட்ட வாங்காதீங்க, ரெண்டே நாள்ல வார் அறுந்துடும்" என்றார் மற்றவர். செய்தியைக் குழுவினரிடம் விலைக்கு வாங்கியதாக அனைவரும் ஒப்பினர். தங்கைக்கோ என் ஓலை நான்காம் நாள்தான் போய்ச் சேர்ந்தது.

வேந்தே, நம் பேச்சே அவர்களுக்கு வயல். உழுவது நாம், அறுப்பது அவர்கள். வணிகர் கொடுக்கும் விலையில் புறா தின்கிறது. அவ்விலை செருப்பின் மேல் ஏறி நம் தலையிலேயே விடிகிறது. தனியுரிமையும் தந்தால், நாளை தங்களுக்குக் கால் சுடுவதும் பகைவர் சந்தையில் விலைபோகும்.

ஆணையிட எனக்கு உரிமையில்லை. பழகிய கை கேட்கமாட்டேன் என்கிறது. பட்டயம் அடுப்புக்குச் செல்க. புறாக்கூடுகள் ஊர்ப்பொதுவாகுக, தீனியை ஊரே இடுக. அரக்கை உடைப்பவர் யானைச் செருப்பைத் தலையில் சுமந்து நகர்வலம் வருக. மக்கள் பல்வலியை இன்னும் நிறைய எழுதி மகிழ்க!

வெற்றிலைச் சாறு பட்ட இடமே என் இலச்சினை. இவ்வோலையைப் புறாவிடம் தரவில்லை. ஐயுற்ற பிட்டனாரே கையோடு கொணர்கிறார். கீழே உள்ளது அவர் எழுத்து.

வணிகரை எண்ணினேன். நாற்பதின்மர் அல்லர், பதினொருவர். செருப்பு மெய்யே, என் இரு காலும் ஒன்றிலேயே அடங்கின. காவிதியார் சொன்னது நடந்தது. இவை பிட்டன் எழுத்து.