அவர் பேசாத வாரங்கள்

மார்ச் 4

ஜப்பானிய அனிமே கார்ட்டூன் தொடரின் ஏழாவது பகுதிக்குத் தமிழ் டப்பிங் வசனம் எழுதி முடித்தாயிற்று. கதாநாயகனும் நாயகியும் இன்னும் ‘நீங்க’ போட்டுத்தான் பேசிக்கொள்கிறார்கள். டைரக்டருக்குப் பொறுமை இல்லை. “பாதிக் கதை முடிஞ்சுபோச்சு மேடம். இந்தக் காலத்துல யாருங்க இப்படிப் பேசுறா? ‘நீ’ன்னு மாத்திடுங்க.”

மாட்டேன் என்றேன். ஒரே வானிலை நிலையத்தில் எதிரெதிர் மேசை அவர்களுக்கு. மழை வருமா வராதா என்பதைத் தவிர வேறெதுவும் பேசிக்கொள்வதில்லை. ஜப்பானிய மொழியில் இன்னும் குடும்பப் பெயரோடு மரியாதைக்கு ‘சான்’ சேர்த்துத்தான் கூப்பிடுகிறார்கள். அந்த ‘நீ’ சும்மா வந்து விழக் கூடாது.

கதாநாயகனுக்குக் குரல் கொடுப்பவர் மைக் முன்னால் நின்றபடி, “மேடம் சொல்றதுதான் சரி. நான் காத்துக்கிட்டிருக்கேன் சார்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அப்புறம் ஏன் வீடு வரும் வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்?

மார்ச் 9

மூலக்கதையான மாங்காவை, அந்த ஜப்பானியப் படக்கதையைப் படித்தால்தான் எங்கே மாற்றுவதென்று தெரியும். மாங்கா வாங்கி வருவதாக அம்மாவிடம் போனில் சொல்லியிருந்தேன். பையைத் திறந்து பார்த்துவிட்டு, “மாங்கான்னு சொன்னே, எல்லாம் புஸ்தகமா இருக்கு?” என்றாள். நான் பின்பக்கத்திலிருந்து படிப்பதைப் பார்த்ததும், “முடிவ முதல்ல பாக்குற புத்தி உனக்கு இன்னும் போகல.” ஜப்பானியப் புத்தகம் அப்படித்தான் என்று சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை.

அனிமே ஒரே பாட்டுக்குள் ஓட்டிவிட்ட மழைக்காலம் மாங்காவில் ஒரு முழுப் புத்தகம். இருவரும் ஒரே ஜன்னலைப் பார்க்கிறார்கள். பேச்சே இல்லாத பக்கங்கள். இருப்புக் கொள்ளாமல் எழுந்து நடந்தேன்.

மார்ச் 18

கதாநாயகனுக்குப் பேசுகிறவரின் குரல் கரகரக்கிறது என்று போன வாரமே சொன்னேன். இன்று பாதி வசனத்தில் உடைந்தது.

மார்ச் 21

தொண்டைக்குள் சின்னக் கட்டி. பயப்படும்படியான கட்டி இல்லையாம். ஆனாலும் ஆபரேஷன். அப்புறம் சில வாரம் வாயே திறக்கக் கூடாது. பழைய குரல் அப்படியே திரும்பி வருமா? டாக்டர் உறுதி சொல்லவில்லை.

அடுத்து வருவது காதலைச் சொல்லும் பகுதி. மாங்காவில் அவன் ஒன்றும் சொல்வதில்லை. நாற்காலியை அவள் மேசைப் பக்கம் நகர்த்திப் போட்டு உட்காருகிறான், அவ்வளவுதான். இங்கேயும் அப்படியே வசனமில்லாமல் விட்டுவிடலாமே என்று டைரக்டரிடம் கெஞ்சினேன்.

“அனிமேல வாய் அசையுதே மேடம். அசையுற வாய்க்கு நான் என்ன பண்ண?”

ஏப்ரல் 2

அவருக்குப் பதிலாக வேறொருவர் வந்து பேசிவிட்டுப் போனார். நல்ல குரல். “எனக்கு உங்கள பிடிச்சிருக்கு.” உதட்டசைவுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. மறுபடி போட்டுக் காட்டியபோது நான் வெளியே வந்துவிட்டேன்.

வசனம் நான் எழுதியதுதானே. யார் பேசினால் எனக்கென்ன?

ஏப்ரல் 5

ஆபரேஷன் முடிந்து அவர் வீட்டில் இருக்கிறார். மாங்காவை எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்த அவருடைய அக்கா, “வாங்க வாங்க, பேசுற ஆளப் பாத்தே நாளாச்சு” என்றார். முதல் புத்தகத்திலிருந்து தமிழில் படித்துக் காட்டினேன். இரண்டு குரலும் நானே. கதாநாயகனுக்காகக் குரலைக் கட்டையாக்கியபோது அவர் சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பக்கம் திருப்புவது அவர் வேலை.

ஏப்ரல் 13

இந்த வாரம் முழுக்கப் போனேன். இன்று அந்த நாற்காலிப் பக்கம் வந்தது. படிக்க அதில் ஒரு வார்த்தை இல்லை. திருப்புவார் என்று பார்த்தேன். திருப்பவில்லை. விரல் ஓரத்திலேயே இருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“நேரமாயிடுச்சு, கிளம்புறேன்” என்று எழுந்துவிட்டேன். மதியம் மூன்று மணி! பைத்தியம். பைத்தியம்டி நீ. அந்த மனுஷன் பேச முடியாம உக்காந்திருக்கார். வாய் இருந்தும் நீ ஓடி வர்றே.

ஏப்ரல் 20

‘நீ’ எங்கே விழ வேண்டும் என்று தெரிந்துவிட்டது. காதலைச் சொல்லும்போது இல்லை. அதற்கடுத்த பகுதியில், அவன் நனைந்துபோய் வந்து நிற்கும்போது அவள் கோபத்தில் வெடிக்கிறாள் — “அறிவிருக்கா உனக்கு?” டைரக்டரே கை தட்டினார்.

அந்த நாற்காலிப் பக்கத்துக்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போகவே இல்லை.

ஏப்ரல் 24

காலையில் போன். யாரென்றே தெரியாத குரல், தரையில் பெட்டியை இழுப்பது மாதிரி. “நான்தாங்க.” பேசலாமா இப்போது என்று கேட்டேன். “கொஞ்சம்.” பிறகு, “அங்க மழை வருமா?” என்றார். அப்புறம் அடுத்த புத்தகம் வந்துவிட்டதா என்றார். வைத்துவிட்டார்.

மழையாம், மழை! இதைக் கேட்கத்தானா?

ஏப்ரல் 25

அக்கா கூப்பிட்டார். “ஒரு நாளைக்கு ஒரு நிமிஷம்தான் பேசணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நேத்துதான் முதல் நாள். எங்கிட்ட இன்னும் ஒரு வார்த்தை பேசலைங்க அவன். எல்லாத்தையும் உங்ககிட்டயே செலவு பண்ணிட்டான்.”

அடுத்த புத்தகம் வந்துவிட்டது என்று அவரிடம் சொல்லச் சொன்னேன்.

“இன்னிக்கு நேர்ல வாங்க. மிச்சம் ஏதாவது இருந்தா எங்களுக்கும் குடுங்க.”

போனேன்.

ஜூன் 15

கடைசிப் பகுதியைப் பேச அவனையே கூப்பிட்டார்கள். குரல் மாறித்தான் போயிருக்கிறது. டைரக்டர் முதலில் முகம் சுளித்தார். பிறகு, “பரவால்ல, கதையில வயசும் ஏறுதுல்ல” என்று விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவருக்கும் வீடு பார்க்கப் போகிறோம். அம்மாவும் வருகிறாளாம். இதை எழுதி முடிப்பதற்குள் இரண்டு முறை போன் பண்ணிவிட்டான். இப்போதெல்லாம் வாயை மூடுவதே இல்லை.