படி இல்லாத வாசல்

வல்லம் வடகால்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள வேல்விழிக்கு,

சிவசங்கர் எழுதுவது. போனில் நான் வாயைத் திறந்தாலே, "சரி, வெச்சிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். வேலூர் ஆஸ்பத்திரிச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? உன் கைகளில் நல்ல பலம் ஏறியிருப்பதாகப் பயிற்சி கொடுக்கும் பூஜா சொன்னார். கேட்டதும் அழுதுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை உன்னை அனுப்புகிறார்களாம். நேராகப் பூந்தமல்லிக்கு, உன் அண்ணன் வீட்டுக்கே போய்விடுவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறாய். உன்மேல் தப்பில்லை. விபத்துக்குப் பிறகு குன்றத்தூர் மாடி வீட்டிலிருந்து உன்னை நாலு பேர் நாற்காலியோடு தூக்கி இறக்கினோமே, அன்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "நான் இன்னா நெல்லு மூட்டையா?" என்று கேட்டாய். அது இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

அந்த வீட்டைக் காலி செய்துவிட்டேன். திட்டாதே. நிலமெல்லாம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு அப்பாவின் மாட்டுக்கொட்டகையும் வண்டிக் கொட்டகையும் சும்மாதானே கிடந்தன? இரண்டையும் சேர்த்து வீடாக்கிவிட்டேன். மாட்டுக்கொட்டகையில் குடித்தனமா என்று நீ முகம் சுளிப்பது தெரிகிறது. நானும் ஷிப்ட் முடிந்த நேரத்தில் ஏனோதானோவென்றுதான் ஆரம்பித்தேன்.

குப்பையை அள்ளிய பிறகுதான் பார்த்தேன், விழி. மாடு இடறக் கூடாதென்று அப்பா எங்கேயும் ஒரு படிகூட வைக்கவில்லை. வைக்கோல் வண்டி நுழைந்த வாசலில் உன் வீல் சேர் தாராளமாகத் திரும்பும். தீவனத் தொட்டியின் சுவர்மேல் கிரானைட் பலகை போட்டால், உட்கார்ந்தபடியே காபி போடும் உயரம்! ராஜாமணி மேஸ்திரி டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு, நம்பாமல் மறுபடி ஒருமுறை அளந்தார். உன்னைப் பார்த்தேயிராத அப்பா உனக்கென்றே கட்டிவைத்தது மாதிரி. மாட்டோடு சேர்த்துப் பேசுகிறேன் என்று சண்டைக்கு வராதே.

அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. வாசற்படி இல்லாவிட்டால் மஞ்சள் குங்குமம் எங்கே வைப்பது, லட்சுமி எப்படி வருவாள் என்று மேஸ்திரியைப் பிடித்து வாசலில் ஒரு வரிசை செங்கல் வைக்கச் சொல்லிவிட்டாள். அளவு பார்க்க வாடகைக்கு எடுத்திருந்த வீல் சேரில் அவளை உட்காரவைத்து, உள்ளே வரச் சொன்னேன். தானே தள்ளிக்கொண்டு வந்தவள் செங்கலில் முட்டி நின்றாள். பின்னால் போய் மறுபடி வந்து முட்டினாள். சக்கரத்தில் கைவைத்தபடி குனிந்து செங்கலைப் பார்த்தாள்.

"எடுத்துடு மேஸ்திரி," என்றாள். "அறுப்புக்கு அறுப்பு நெல்லு வண்டிலதான வந்துது? லட்சுமி இங்க எப்பவும் சக்கரத்துலதான் வந்தா."

மஞ்சளை நிலைக்காலில் பூசிவிட்டாள்.

பூந்தமல்லிக்குப் போகும் வழியில் ஒருமுறை இங்கே நிறுத்தச் சொல். நானும் அம்மாவும் உள்ளேயே நிற்கிறோம். யாரும் உன்னைத் தூக்க வரமாட்டோம். நீயே தள்ளிக்கொண்டு வந்து பார். பிடிக்கவில்லையென்றால், யாரையும் கேட்காமல் நீயே வெளியே போய்விடலாம்.

போகாதே.

உன் வழி பார்த்திருக்கும்,
சிவசங்கர்