மூணு பாக்கி

செப்டம்பர் 4
ஆறாம் வகுப்புப் பாட்டுக்குழு இன்று என் மானத்தை வாங்கிவிட்டது. பாதிப் பேருக்குத் தொண்டைக்கட்டு, மீதிப் பேருக்கு வாய் மூடாது. ஆண்டு விழாவுக்கு இன்னும் நான்கே வாரம்தான் இருக்கிறது.

ஜன்னலோரம் உட்காரும் பெண் ஆட்டிசம் உள்ளவள். எனக்கு அவள் ‘ஜன்னல்’. பாட்டு ஒழுங்காகப் போகும்போதே காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள்: “மூணு பாக்கி!” என்ன பாக்கி, யாருக்குப் பாக்கி? கேட்டால் அதையேதான் திரும்பச் சொல்கிறாள்.

செப்டம்பர் 9
தலைமையாசிரியை கூப்பிட்டார். “டீச்சர், மேடையிலயும் இப்படிக் கத்தினா என்ன பண்றது? அன்னைக்கு மட்டும் அவளைக் கீழ அவங்க அம்மாகூட உட்கார வச்சிடலாமே. அவளுக்கும் நிம்மதி.”

யாருக்கு நிம்மதி? வந்த கோபத்தில், “அடுத்த வாரத்துக்குள்ள சரி பண்றேன்”னு சவால் விட்டுட்டு வந்துட்டேன். எதைச் சரி பண்ணப் போறேன்? எனக்கே தெரியலை.

செப்டம்பர் 10
சத்தம்தான் தொந்தரவு என்று டிரம்மை ஓரங்கட்டினேன். அவளுக்கு ஹெட்போன் கொடுத்தேன். சமர்த்தாக மாட்டிக்கொண்டாள். மாட்டிக்கொண்டே கத்தினாள்.

வீட்டில் இவரிடம் புலம்பினேன். “பெல் அடிக்க மூணு நிமிஷம் பாக்கியோ என்னவோ! உன் கிளாஸ்ல நான் இருந்தா அதைத்தான் எண்ணிட்டிருப்பேன்” என்கிறார். இந்த மனுஷனிடம் போய் யோசனை கேட்டேனே.

செப்டம்பர் 12
இன்று “ரெண்டு பாக்கி!” முன்னேற்றமா இது?

செப்டம்பர் 15
மாலையில் ஜன்னலின் அம்மா அழைத்துப்போக வந்தார். தயங்கித் தயங்கிச் சொன்னார்: “வீட்டுல முழுப் பாட்டும் பாடுறா டீச்சர். ஒரு தடவைகூடக் கத்தினதில்ல. நடுவுல மட்டும் கொஞ்ச நேரம் சும்மா நிப்பா.”

சும்மா நிற்பாளா? வகுப்புக்கு ஓடினேன். போர்டில் இரண்டு சரணங்களுக்கு நடுவே என் கையாலேயே எட்டு வட்டம் போட்டிருக்கிறேன். எட்டு எண்ணும் வரை யாரும் பாடக் கூடாது. ஆனால் ஐந்தாவது வட்டத்திலேயே, மிஞ்சினால் ஆறாவதில், கையை ஆட்டிவிடுவது யார்? நான்! பிள்ளைகள் பாவம், என் கையைப் பார்த்துப் பாடுகிறார்கள். எனக்கும் மௌனத்துக்கும் எந்தக் காலத்தில் ஆகியிருக்கிறது?

காலி வகுப்பில் தனியாகச் சிரித்தேன். வகுப்பைப் பெருக்க வந்த ஆயா ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 16
அந்த எட்டையும் ஜன்னலிடமே ஒப்படைத்தேன். முன்னால் வந்து நின்று உள்ளங்கையை உயர்த்த வேண்டும். அவள் கை இறங்கினால்தான் பாட்டு.

முதல் தடவை ஒருவரும் காத்திருக்கவில்லை. “மறுபடி” என்றாள். மறுபடியும் சொதப்பல். “மறுபடி.” அவளுக்குச் சலிக்கவே இல்லை; எனக்குத்தான் கால் வலித்தது. கடைசியில் அமைந்தது பாருங்கள், மின்விசிறிச் சத்தம் மட்டும்! அதற்குப் பிறகு வந்த சரணத்துக்கு இப்படி ஒரு அழகு உண்டென்று எனக்கே தெரியாது.

பிள்ளைகள் அவளுக்கு ‘டிராஃபிக்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளும் அதை ஒரு தடவை தனக்குள் சொல்லிப்பார்த்து, தலையாட்டிக்கொண்டாள்.

செப்டம்பர் 19
தலைமையாசிரியை பார்க்க வந்தார். பதற்றத்தில் என் பாழாய்ப்போன கை ஐந்திலேயே கிளம்பிவிட்டது. உயர்த்திய கையை இறக்காமல் டிராஃபிக் என் பக்கம் திரும்பினாள். கத்தவில்லை. “டீச்சர், மூணு பாக்கி.”

தலைமையாசிரியை சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அவ மேடையிலயே இருக்கட்டும். நீங்க கீழ உட்காருங்க டீச்சர்.”

அக்டோபர் 3
கீழேதான் உட்கார்ந்தேன், அவள் அம்மாவுக்குப் பக்கத்தில். பாட்டு பிள்ளைகளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நான் தேவையே இல்லை.

முதல் சரணம் முடிந்தது. கை உயர்ந்தது. பாட்டே முடிந்துவிட்டதென்று நினைத்து அரங்கம் கைதட்டிவிட்டது! கத்துவாளோ?

டிராஃபிக் திரும்பினாள். அதே உள்ளங்கையை அத்தனை பேருக்கும் காட்டினாள். கைதட்டல் அப்படியே அடங்கியது. அவள் முதல் வட்டத்திலிருந்து மறுபடி எண்ணினாள்.

நானும் கூடவே எண்ணினேன். எட்டு வரை போனேன். அவள் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். இல்லாவிட்டால் ஐந்திலேயே ஆட்டியிருப்பேன்.