ஆட்டுக் குளம்புத் தடம்

ஐப்பசி, வியாழக்கிழமை

அந்தப் புத்தகத்தால் அக்காவுக்கு என்னைப் பற்றித் தெரிந்துவிட்டது. அப்பாடா.

ஆண்களை விரும்பும் ஆண்கள் நாங்கள் சேர்ந்து போட்ட தொகுப்பு அது. கதை, கவிதை, படம். நடுநடுவே ஆணுறை, எச்.ஐ.வி. பரிசோதனை பற்றிய பக்கங்கள். தஞ்சாவூரைச் சுற்றியுள்ள மருத்துவமனைகளுக்குச் சும்மாவே கொடுத்தோம். அக்கா கும்பகோணத்தில் நர்ஸ். அவள் கண்ணில் படலாம் என்றுதான் என் கதையில் பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன். நான் காதலித்தவனும் நானும் உட்கார்ந்திருந்த எங்கள் வயல் பம்புசெட் தொட்டியை மாற்றத் தோன்றவில்லை. கட்டிய அன்றே ஈரச் சிமெண்டில் ஆடு மிதித்த தடத்தைக்கூட எழுதியிருக்கிறேன், மடையன்.

சாயங்காலம் வந்தவள் புத்தகத்தைக் கட்டிலில் போட்டாள்.

"அது என் ஆடுடா. அன்னிக்கு அப்பாகிட்ட அடி வாங்குனது நான்தான்."

நான் புத்தகத்தைக் குப்புறத் திருப்பி வைத்தேன்.

"டெஸ்ட் எடுத்தியா?"

"மூணு மாசத்துக்கு ஒரு தடவை எடுக்கிறேன்க்கா. போன வாரமும் எடுத்தேன். நெகட்டிவ்தான்."

அப்படியே உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ராத்திரி டூட்டியில் படித்ததிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம். காலையில் மிஞ்சிய இட்லியை வைத்தேன். ஆறு தின்றாள்.

வார்டுக்கு இன்னும் பத்துப் புத்தகம் வேண்டுமாம். வைத்ததையெல்லாம் யாரோ எடுத்துப் போய்விடுகிறார்களாம். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அடுத்த தடவை போடுறப்ப அந்த ஆட்டை எடுத்துடு. அப்பாவுக்கும் அந்தத் தடம் தெரியும்."

இப்போது கன்றுக்குட்டி என்று மாற்றி எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன்.

ஆடாகவே இருக்கட்டும்.