படத்துக்கு அடியில் ஒரு பெயர்

2024 ஜூலை 9, செவ்வாய்

இன்று லேபில் மவுஸ் அம்பைத் தொலைத்துவிட்டேன். திரையில்தான் இருக்கிறது, எனக்குத்தான் அகப்படவில்லை. பிளஸ் ஒன் பிள்ளைகள் வழி சொன்னார்கள். "மேல மிஸ். இன்னும் மேல. அந்தப் பக்கம் மிஸ்." காணாமல் போன ஆட்டுக்கு வழி சொல்வது போல. மவுஸ் கெட்டுப்போச்சு என்று சொல்லிப் புதுசு மாட்டினேன். புதுசிலும் அதே கதைதான்.

பாடம் 'இயக்க அமைப்புகள்'. இந்த மலைக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து நடத்துகிற பாடம். கண்ணை மூடிக்கொண்டு நடத்துவேன் என்று பெருமையடித்ததுண்டு. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஜூலை 13, சனி

வேலூர் போய்க் கண் டாக்டரைப் பார்த்தோம். கண்ணுக்குள் பிரஷராம். பார்வை ஓரத்திலிருந்து உள்ளே சுருங்கிக்கொண்டு வருகிறதாம். "போனது வராதும்மா. இருக்கிறதைக் காப்பாத்தப் பார்க்கலாம்" என்றார். பார்க்கலாம் என்றால்? காப்பாற்றுவேன் என்று ஏன் சொல்லவில்லை?

என் வீட்டுக்காரர் சக்திவேல் போளூர் வரைக்கும் பஸ்ஸில் ஒன்றும் பேசவில்லை. ஜமுனாமரத்தூரில் பைக் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிற மனுஷர், இன்ஜின் இல்லாமல் எதையும் ஆறுதலாகச் சொல்லத் தெரியாது. மலை ஏறும்போது சொன்னார், "ஹெட்லைட் போச்சுன்னா வண்டி ஓடாதா இன்னா?"

"ராத்திரியில ஓட்டிப் பாருங்க" என்றேன்.

ஜூலை 14

எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 22, திங்கள்

பாடம் நடத்தும்போது மட்டும் கண் ஞாபகம் வருவதில்லை. இன்று பொத்தானை அழுத்தியதும் என்ன நடக்கிறது என்று சொன்னேன். மின்சாரம் வந்த நொடியில் கணினிக்கு ஒன்றுமே தெரியாது. பலகையில் ஒட்டியிருக்கிற ஒரு சில்லுக்குள் சின்னதாக ஒரு நிரல் இருக்கிறது. தன்னைவிடக் கொஞ்சம் பெரியவன் எங்கே தூங்குகிறான் என்று கண்டுபிடித்து எழுப்புவதுதான் அதன் முக்கியமான வேலை. அவன் எழுந்து அவனைவிடப் பெரியவனை எழுப்புகிறான். கடைசியில் எழுவது இயக்க அமைப்பு. அப்புறம் அதைக் கேட்காமல் ஒரு எழுத்தைக்கூட யாரும் அச்சடிக்க முடியாது.

ஒரே நேரத்தில் பாட்டும் கேட்டு, டைப்பும் அடிக்கிறோமே எப்படி மிஸ் என்று ஈஸ்வரி கேட்டாள். சாமைக் கொல்லை வைத்திருக்கிற வீட்டுப் பெண். ஊரில் ஒரே மோட்டார், நாலு கொல்லை, தண்ணீரை எப்படி விடுவீங்க என்றேன். முறை வைத்து என்றாள். அதேதான். ஆனால் இங்கே முறை ஒரு நொடிக்குள் பல நூறு தடவை மாறுகிறது, அதனால் ஒவ்வொரு கொல்லைக்காரனும் மோட்டார் தனக்கு மட்டும்தான் ஓடுகிறது என்று நினைத்துக்கொள்கிறான்.

சொல்லி முடித்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. எத்தனை தடவை நடத்தியிருக்கிறேன், இன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டதுபோல இருந்தது. இன்னும் எத்தனை வருஷம் விடுவார்கள், இதை நடத்த?

ஆகஸ்ட் 17, சனி

சக்திவேல் ஸ்பேர் வாங்க ஆலங்காயம் போய்விட்டு ஓட்டமாக வந்தார். கூட்டுறவுச் சங்க ஆபீசில் ஒருத்தரைப் பார்த்தாராம். "மானிட்டரே ஆன் பண்ணல ஜெயசுதா. காதுல ஒயரை மாட்டிக்கிட்டு மடமடன்னு டைப் அடிக்கிறாரு. பொறவிலேயே கண்ணு தெரியாதாம். பேரு இன்னா தெரியுமா? கண்ணாயிரம்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஒரு மாதத்துக்கப்புறம் நானும் சிரித்தேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

கண்ணாயிரம் சாரைப் பார்த்தோம். என் வயசுதான் இருக்கும். பாவம் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று முந்திக்கொண்டு கேலி பேசுகிற ஆள்.

நான் தொண்ணூற்றேழில் போளூரில் டாஸ் படித்தேன் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது ராஜாங்கம் மேடம். கறுப்புத் திரை, வெறும் எழுத்து. எழுத்தைப் படிச்சுச் சொல்ல ஒரு மிஷின் இருந்தாப் போதும். அப்ப உங்களுக்கும் எனக்கும் ஒரே கணினி. அப்புறம் விண்டோஸ் வந்துச்சு. ஊரே கைதட்டுச்சு. படத்தைப் பார்த்து அமுக்குன்னாங்க. எந்தப் படத்தைப் பார்க்கிறது? உங்களுக்கெல்லாம் சன்னல் தெறந்தாங்க, என்னை வெளிய வெச்சு வூட்டைப் பூட்டிட்டாங்க."

அந்தக் கதையை நான் எத்தனை வகுப்புக்குச் சொல்லியிருக்கிறேன்! கலிபோர்னியாவில் நகல் இயந்திரக் கம்பெனி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் சன்னலும் சின்னப் படங்களும் பிறந்ததை, எண்பத்துநாலில் ஆப்பிள் அதை வீடுகளுக்குக் கொண்டுவந்ததை, தொண்ணூற்றைந்தில் விண்டோஸ் வாங்க உலகமே வரிசையில் நின்றதை. கணினி எல்லோருக்குமானது அப்போதுதான் என்று முடிப்பேன். அந்த 'எல்லோருக்கும்' கணக்கில் இவர் இல்லை. இனி நானும் இல்லை.

"அப்புறம் எப்படி சார் உள்ள வந்தீங்க?" என்றேன்.

"ஆஸ்திரேலியாவுல பார்வையில்லாத ரெண்டு பசங்க எழுதினாங்க. திரையில இருக்கிறதைப் படிச்சுச் சொல்ற மென்பொருள். இனாமாவே குடுத்துட்டாங்க. வூட்டுக்குப் போய் ஏத்துங்க. ஏத்தினதும் மவுஸைப் புடுங்கிடுங்க."

செப்டம்பர் 8, ஞாயிறு

குரல் கேவலமாக இருக்கிறது. சளி பிடித்த ரோபோ தமிழ் பேசினால் இப்படித்தான் இருக்கும். "ஒரு நாளைக்கு ரெண்டு பொண்டாட்டி சத்தம் தாங்காது" என்று சக்திவேல் ஷெட்டுக்கு ஓடிவிட்டார்.

ஆனால் இன்று ஒன்று புரிந்தது. இந்தக் குரல் படத்தைப் பார்த்துப் படிப்பதில்லை. திரையில் நாம் பார்க்கிற ஒவ்வொரு பொத்தானுக்கும் அடியில் ஒரு பெயர் இருக்கிறது. நீ யார், பொத்தானா, பட்டியலா, எழுதுகிற கட்டமா, இப்போது திறந்திருக்கிறாயா மூடியிருக்கிறாயா, எல்லாவற்றையும் இயக்க அமைப்பு கேட்டு வைத்திருக்கிறது. குரல் வந்து விசாரித்தால் சொல்கிறது. படம் மேலே விரித்த துணி. அடியில் முழுக்க வார்த்தைகள்.

எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒருவர், ஒரு பொத்தானை வரைந்துவிட்டு, இதைப் பார்க்க முடியாதவர் ஒருத்தர் வருவார் என்று நினைத்து அதற்கொரு பெயர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். நான் வருவேன் என்று. சில சோம்பேறிகள் எழுதாமல் விட்டிருக்கிறார்கள், அங்கே வெறும் "பொத்தான்" என்று மட்டும் கேட்கிறது, அவர்களை நன்றாகத் திட்டினேன். எழுதியவர்களை நினைத்து அழுதேன். நிறைய அழுதேன். துக்கத்தில் இல்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

நோட்டில் எழுதினால் வரி மேல் வரி ஏறுகிறதாம். இன்றிலிருந்து டைப் அடிக்கிறேன்.

நவம்பர் 12, செவ்வாய்

மாட்டிக்கொண்டேன்.

பிளஸ் ஒன்னில் கோப்பு முறைமை நடத்தி, புரிஞ்சுதா என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். இல்லை. எனக்குக் கோபம் தலைக்கேறி — இன்னா கல்லா உக்காந்திருக்கீங்க, வாயில கொழுக்கட்டையான்னு கத்திட்டேன். அப்புறம் ஈஸ்வரி மெதுவாகச் சொன்னாள். "எல்லாரும் தலை ஆட்டினோமே மிஸ்."

இந்த மலைப் பிள்ளைகள் வாத்தியார்முன் வாய் திறக்க மாட்டார்கள். ஆமாம் என்றால் தலை அசையும், அதோடு சரி. அது எனக்குத் தெரியும். வகுப்பு முழுக்க ஆடிய தலை ஒன்றுகூட எனக்குத் தெரியவில்லை. அந்த நிமிஷம் அவர்களுக்கும் தெரிந்துபோயிற்று. கதவோரம் நின்றிருந்த தலைமையாசிரியருக்கும்.

நவம்பர் 13, புதன்

தேவராஜ் சார் கூப்பிட்டார். தலைமையாசிரியர் என்றால் கூப்பிட்டுக் கத்துவார், இன்று கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார். "லேபை ஷோபனா டீச்சர் பார்த்துக்கட்டும் மேடம். நீங்க ஆபீஸ்ல உக்காருங்க. சம்பளத்துக்கு ஒண்ணும் ஆகாது." ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் பேசுகிற குரல்.

சம்பளத்தை யார் கேட்டது? திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். அன்பாகப் பேசுகிறவரிடம் எப்படிப் போடுவது?

ஒரே ஒரு வகுப்பு வந்து உட்காருங்க சார், அப்புறம் நீங்க சொல்றபடி செய்றேன் என்றேன். தலையாட்டினாரோ என்னவோ. "வாயால சொல்லுங்க சார்" என்றேன். "சரி" என்றார்.

நவம்பர் 21, வியாழன்

லேபில் எல்லா மானிட்டரையும் அணைத்துவிட்டேன். ஸ்பீக்கரை மட்டும் வைத்தேன். பிள்ளைகளோடு ஒரு வாரமாக ஒத்திகை. தேவராஜ் சாரையும் ஒரு கணினிமுன் உட்கார வைத்தேன்.

"இன்னிக்குப் பாடம், இயக்க அமைப்புன்னா இன்னா. திரையில தெரியறது அது இல்ல. அது தெரியாமப் போனாலும் மிச்சம் இருக்கறதுதான் அது. ஆரம்பிங்க."

பிள்ளைகள் ஒவ்வொருத்தராகச் செய்து காட்டி முடித்து, என் முறை வந்தபோது தப்பான சாவியைத் தட்டி என் கணினியைத் தூங்கவைத்துவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் எழுப்பத் தெரியும். எழுப்பி, ஒரு கோப்பைத் திறந்து, 'சாமை அறுவடை' என்று அடித்து, சேமித்து, மூடி, மறுபடி தேடி எடுத்தேன். அந்தச் சளிக் குரல் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தது.

தேவராஜ் சாருக்குக் கை மவுஸைத் தேடியிருக்கிறது போல. ஈஸ்வரி சொன்னாள், "அதைத் தொடாதீங்க சார், டேப் அழுத்துங்க." அவர் அழுத்தினார், குரல் ஏதோ சொன்னது, மறுபடி அழுத்தினார், வழி தவறினார். கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ந்த குரலில் என்னைத்தான் கேட்டார்.

"மேடம், இப்ப நான் எங்க இருக்கேன்?"

"டெஸ்க்டாப்ல சார். கீழ் அம்பு ரெண்டு தடவை. அங்க உங்களுக்கும் ஒரு கோப்பு போட்டு வெச்சிருக்கேன், என்டர் தட்டுங்க."

தட்டினார். குரல் அவருக்கு 'சாமை அறுவடை' என்று படித்துக் காட்டியது. போகும்போது, "பரீட்சை வரைக்கும் பார்க்கலாம்" என்றார். டாக்டர் சொன்ன அதே 'பார்க்கலாம்'. ஆனால் இது எனக்கு இனித்தது.

2025 ஜூன் 3, செவ்வாய்

புது பிளஸ் ஒன். கால அட்டவணையைக் கணினியில் படிக்கக் கேட்டேன். கணினிப் பாடத்துக்கு நேராக என் பெயர். இரண்டு தடவை படிக்கவைத்தேன்.

முதல் பத்து நிமிஷத்திலேயே சொல்லிவிட்டேன். "எனக்கு நேரா முன்னாடி கொஞ்சூண்டு தெரியும், மிச்சம் தெரியாது. தலை ஆட்டினா எனக்குத் தெரியாது, கை தூக்கினா தெரியாது. புரிஞ்சா புரிஞ்சுதுன்னு சொல்லுங்க, புரியலைன்னா புரியலைன்னு கத்துங்க." அப்புறம் பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன் குரல், வெட்கத்தோடு, "சரிங்க மிஸ்."

ஜூன் 18, புதன்

பொத்தானை அழுத்தினால் யார் யாரை எழுப்புகிறார்கள் என்று நடத்திக்கொண்டிருந்தேன். அந்தச் சில்லை யார் எழுப்புவாங்க என்று ஒருத்தி, கரண்டு போனா அது எங்க போகும் என்று இன்னொருத்தன், இல்லடா அது அழியாது என்று மூன்றாவது ஆள். எனக்கு முன்னால் அவர்களே சண்டை. வாய் திறக்காத மலைப் பிள்ளைகளாம், யார் சொன்னது?

லேப் வாசலில் தேவராஜ் சார். நவம்பரிலிருந்து என்னிடம் ஆஸ்பத்திரிக் குரலில்தான் பேசுவார்.

"மேடம், இது கிளாஸா சந்தையா? பக்கத்துல கணக்கு வாத்தியார் தலையில அடிச்சுக்கிறாரு. புள்ளைங்களை அடக்கி வைக்கத் தெரியாதா உங்களுக்கு?" எல்லா டீச்சரையும் திட்டுகிற அதே குரல், அதே கடுப்பு.

"சரிங்க சார், அடக்கறேன்" என்றேன். அவர் செருப்புச் சத்தம் தூரமாகப் போகும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். அப்புறம் பிள்ளைகள் பக்கம் திரும்பி, "கரண்டு போனா எங்க போகும்னு கேட்டது யாரு? மறுபடி கேளு" என்றேன்.