செங்கோடன் வைத்த தகடு

தோளில் போட்டு வளர்த்த மகள் சுஜிதாவுக்குப் பெரியப்பா எழுதுவது. இங்கே நானும் உன் பெரியம்மா குப்பாயியும் மழைக்கு முடங்கினாலும் சுகத்துக்குக் குறைவில்லை, புனேயில் நீ நேரத்துக்குத் தின்று தூங்குகிறாய் என்றால் எங்களுக்கு அதுவே போதும் கண்ணு. இந்த வருசம் நம் மிளகுக்கு ஒரு கெடுதல் வரும் என்று சித்திரையிலேயே சொன்னவன் இந்த மலையில் நான் ஒருத்தன்தான், சொன்னபடியே நடந்துவிட்டது. ஆடி மழையில் அறுபது கொடியும் இலை கருத்துத் தொங்கிவிட்டன. எட்டாவதோடு நின்றவன் என்றாலும் மிளகு விசயத்தில் பெரிய பெரிய ஆபீசர்களே என்னிடம் கேட்டுவிட்டுத்தான் பேசுவார்கள், அதனால் தப்பு என்னுடையதாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பக்கத்துக் காட்டுச் செங்கோடனோடு வைகாசியிலிருந்தே பேச்சில்லை, அவன் கொடி மட்டும் பச்சையாக நின்றது, வேறென்ன அத்தாட்சி வேண்டும்? செய்வினை வைத்துவிட்டான் என்றேன். கொடியின் தூரைத் தோண்டினேன், உள்ளங்கை அகலச் செப்புத் தகடு, கட்டம் கட்டமாக அவன் கையெழுத்து என்று டீக்கடையில் சொன்னேன். போனில் நீகூடக் கேட்டாய், கண்ணால பாத்தீங்களா பெரியப்பா என்று. இந்தக் கையால்தான் எடுத்தேன் என்று உன் மேல் எரிந்து விழுந்தேன்.

அதற்கப்புறம் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். செங்கோடன் டீக்கடைக்குள் வந்தால் ஆட்கள் கிளாசைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள், காறித் துப்பினார்கள். நானும் துப்பினேன், எல்லாரையும்விடத் தூரமாக. அவன் மகள் பரிமளாவை நிச்சயம் பண்ண வர இருந்த காளப்பநாயக்கன்பட்டிக்காரர்கள், சூனியம் வெக்கற ஊட்டுப் பொண்ணு எங்களுக்கு வேண்டாமுங்க என்று போனிலேயே முடித்துக்கொண்டார்கள். மறுநாள் அவள் நம் வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. ஏனுங்க பெரியப்பா, அந்தத் தகட்டக் காட்டுங்க, எங்கப்பன் கையெழுத்த நானும் பாக்கோணும், இத்தன நாளும் ரேஷன் கடையில பெருவிரல்தானுங்க வெச்சாரு என்றாள். ஆத்துல எறிஞ்சுட்டேன் சாமி என்றேன். உள்ளேயிருந்து உன் பெரியம்மா, எந்த ஆத்துல, தோண்டுனேன்னு சொல்ற அந்த வாரம் பூரா நீங்க காய்ச்சல்ல கட்டில விட்டு எறங்கலையே என்றாள். இத்தனை வருசத்தில் அவள் வாயை அடைக்க எனக்குத் தெரிந்ததில்லை.

போன வாரம் விவசாய ஆபீசிலிருந்து முரளி என்று ஒருவர் வந்தார். ஒரு கொடியைத் தூரோடு பிடுங்கி என் மூக்கருகே நீட்டினார், செத்த எலி நாற்றம். ஏனுங்க, மழைத்தண்ணி தேங்கற மாதிரி தூரச் சுத்திக் குழி எடுத்தது யாருங்க, வேரெல்லாம் அழுகிக் கெடக்குது என்றார். எடுத்தது நான். வேண்டாமண்ணா, தண்ணி நின்னா போச்சு என்று வைகாசியில் நாலு பேர் முன்னால் தடுத்தவன் செங்கோடன், எனக்கே புத்தி சொல்கிறாயா என்றுதான் அன்று பேச்சை விட்டேன். மூன்று தடவை சோப்புப் போட்டும் அந்த நாற்றம் கையில் இருக்கிறது, சோற்றில் கை வைக்க அருவருப்பாக இருக்கிறது. நீ எதையாவது அடித்துச் சொல்லப் போனால், அதை நம்புவது உனக்கு எவ்வளவு சவுகரியம் என்று முதலில் பார்த்துக்கொள் கண்ணு. எனக்கு ரொம்பச் சவுகரியமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் செங்கோடனையும் கூட்டிக்கொண்டு காளப்பநாயக்கன்பட்டிக்கு மலையிறங்குகிறேன். அவன் இன்னும் வருகிறேன் என்று சொல்லவில்லை, வராவிட்டாலும் நான் போவேன். கொடுத்தனுப்பிய சாமையை வண்டு வைப்பதற்குள் வெயில் காட்டி எடுத்து வை. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், நோய்நொடி உன் பக்கம் வராதிருக்கட்டும். மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்ல வேண்டும் என்பதை உனக்கு எழுதிப் பார்த்துக்கொள்கிறேன், அங்கே போய் நாக்கு வேறு கதைக்குத் திரும்பிவிடக் கூடாது. தூரில் மண்ணைத் தவிர ஒன்றும் இல்லை. தகடு நான் சொன்ன பொய்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா சென்றாயன்