இருபத்தைந்து என்று நான் எழுதியது

14 அக்டோபர் 1976, வியாழன். துபாய்.

கால் முறிந்து தூரத்து அல் ஐன் ஊர் ஆஸ்பத்திரியில் இருக்கும் அப்பாவை நாளை அழைத்து வர வேண்டும். பக்கத்து ஃபிளாட் மாமா கார் தருகிறார், ஆனால் அண்ணன் பெயரில் இரண்டு நாளைக்கு இன்ஷூரன்ஸ் எடுத்தால்தான். அண்ணனுக்குப் பத்தொன்பது வயது. லைசென்ஸ் வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. "இருபத்தஞ்சு வயசு ஆகாம தர மாட்டோம்" என்று இரண்டு ஆபீஸில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் இங்கிலீஷ் ஃபாரம் எல்லாம் நான்தான் நிரப்புவேன். மூன்றாவது ஆபீஸில் அண்ணன் குனிந்து, "வயசு இருபத்தஞ்சுன்னு போடு" என்று காதில் சொன்னான். போட்டுவிட்டேன்.

ஏஜெண்ட் திருநெல்வேலிக்காரர். அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். "இருபத்தஞ்சா? மீசைக்கு இன்னும் விசா கிடைக்கலையோ தம்பி?" என்று சிரித்துக்கொண்டே, லைசென்ஸைக்கூடக் கேட்காமல் முத்திரை குத்தினார்.

டாக்ஸியில் திரும்பும்போதுதான் ஃபாரத்தின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். பொய் எழுதியிருந்தால் இன்ஷூரன்ஸ் செல்லாதாம். வழியில் யாருக்காவது அடிபட்டால் அண்ணனுக்கு ஜெயில்தான்.

"அதையெல்லாம் யாரு படிக்கிறா, லூசு!" என்றான்.

நான் படித்துவிட்டேனே.

அம்மாவும் அவனோடு போகிறாள். சமையலறையில் வழிக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டே பாடுகிறாள். மூன்று வாரத்துக்குப் பிறகு இன்றுதான் பாடுகிறாள். சொன்னால் அப்பா வருவது தள்ளிப்போகும். சொல்லாவிட்டால்...

சொல்லத்தான் போகிறேன். அவள் பாடி முடிக்கட்டும்.